நாற்பத்து மூன்றாம் பக்கம்

என் நோட்டைப் பூபதிராஜா மச்சான் படித்துவிட்டான். புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தேன். அம்மா கேட்டாள் என்று மூட்டையை நகர்த்த வந்தவன் கையில் அது கிடைத்துவிட்டது. அவன் என் தாய்மாமன் மகன். வெள்ளிக்கிழமை எங்களுக்கு உப்புச் சர்க்கரை மாற்றுவதாக இருந்தது. எங்கள் பக்கம் அது முடிந்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

ப்ளஸ் ஒன்னோடு படிப்பை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் காதல் கதைகள்தான். ஒன்றில் நாயகன் நாயகியின் கையைப் பிடிக்கிறான். “விடுங்கள்” என்கிறாள். அவன் விடவில்லை. வளையல் உடைகிறது. அவள் தலை குனிந்து சிரிக்கிறாள். அந்த நாயகனுக்கு மச்சானின் மீசையைத்தான் வைத்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் பால் சொசைட்டியிலிருந்து காலிக் கேனோடு வந்தேன். மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்த மச்சான் என் கையைப் பிடித்தான்.

“உடுங்க மச்சான்.”

“அவளும் இதையேதான சொல்றா?” என்று சிரித்தான். “நாப்பத்தி மூணாம் பக்கம். அவன் உட்டானா? ஊமையாட்ட இருந்துட்டு என்னென்ன எழுதியிருக்கறே நீயி.”

“வலிக்குதுங்க.”

“வலிக்கட்டும். அப்பறம் சிரிப்பே பாரு.”

கண்ணாடி வளையல் உடைந்து தோலில் இறங்கியது. நான் சிரிப்பதற்காக அவன் காத்திருந்தான். நிஜமாகவே என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான். கேன் விழுந்து உருண்ட சத்தத்தில் அம்மா வந்தாள். அப்போதுதான் விட்டான்.

அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். நடந்ததைச் சொன்னேன்.

“கட்டிக்கப் போறவந்தான கண்ணு. ஆசையில புடிச்சுட்டான். எழுதுனது நீதான?”

எழுதியது நான்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வலிக்காது. வலிக்கக் கூடாது என்று நான் வைத்திருந்தேன். அவள் எப்போது சிரிக்க வேண்டும் என்பதும் என் கையில் இருந்தது. டிராக்டர் ஓட்டத் தெரிந்தவனுக்கு இதை யாராவது பிரித்துச் சொல்ல வேண்டுமா? கதையில் நான் அவளைக் கொன்றிருந்தால் என்னையும் கொன்றிருப்பானா?

வெள்ளிக்கிழமை தட்டுகளோடு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். மச்சானின் அப்பா கந்தப்பன் மாமா என்னைக் கூப்பிட்டார்.

“அனு அம்மிணி, சம்மதந்தான? தலைய ஆட்டுனாப் போதும். நீ பேசி ஆரு கேட்டுருக்கறா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“எனக்கு இஷ்டமில்லீங்க மாமா.”

எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

“பொய்யி,” என்றான் மச்சான். “அவ நோட்டு எங்கிட்டத்தான் இருக்குது. பூராவும் என்னயப் பத்தித்தான்.”

“படிங்க,” என்றேன். “மாமா முன்னால உக்காந்து அந்தப் பக்கத்தப் படிங்க. படிச்சுப்போட்டு எங்கையில நீங்க என்ன செஞ்சீங்கன்னும் சொல்லுங்க.”

கட்டை அவிழ்த்துக் கையை நீட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பன் முன்னால் அவனுக்கு வெட்கமாம். கொட்டகையில் அந்த வெட்கம் எங்கே போயிருந்தது?

மாமா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர்கள் கார் போனதும் அம்மா என்னை அறைந்தாள். அறைந்த பிறகும் எனக்கு இஷ்டமில்லை. அதையும் அவளிடம் சத்தமாகச் சொன்னேன்.