வேண்டாமென்று எழுதிய கை

பூர்ணிமாவுக்கு ஆளெடுக்கும் வேலை. ஐந்து வருஷம் சென்னையில் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவள், கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்ததும் ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பீங்கான் கம்பெனியில் எச்.ஆர். ஆகச் சேர்ந்தாள். மின்கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைக் கப்புகள் செய்யும் கம்பெனி அது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவன் சேரன் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும் நேரத்தில், பெயர் போடாமல் அவள் ஒரு வலைப்பூ எழுதிவந்தாள். ஆளெடுக்கிற இடத்தில் நடப்பதை மறைக்காமல் போட்டு உடைப்பாள். "சொல்லி அனுப்புறோம் என்றால் இல்லை என்று அர்த்தம்" என்று எழுதினாள். "உங்கள் பயோடேட்டாவை நாங்கள் பார்ப்பது அரை நிமிஷம். அதிலும் பாதி நேரம் போட்டோவுக்குப் போய்விடும்" என்று எழுதினாள். வேலை தேடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே படித்தார்கள், திட்டிக்கொண்டும் படித்தார்கள்.

ஒரு ஞாயிறு, தான் செய்த தப்பையே இப்படி எழுதிவிட்டாள்:

தரம் பார்க்கும் வேலைக்குப் பெண்ணாடத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பதினோரு வருஷமாக வேலையில் இல்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "வூட்டுலதாங்க இருந்தேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே தாளில் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டேன். எழுந்து போகும்போது மேசைமேல் இருந்த கப்பை விரலால் தட்டிப் பார்த்து, "உள்ளாற கீறல் இருக்குதுங்க" என்றார். அவர் போனபிறகு உடைத்துப் பார்த்தேன். இருந்தது. ஆனாலும் எழுதினதை நான் அடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதலாளி நடராசன் கூப்பிட்டார். அவர் கையில் அந்தப் பதிவை அச்செடுத்த தாள் இருந்தது. வேலை போச்சு என்று பூர்ணிமாவின் மனசு அடித்துச் சொன்னது.

"இது நீ எழுதினதாம்மா?"

"எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?"

"கம்பெனி பேரப் போடல, சரி. பீங்கான் கப்பு, பெண்ணாடம்னு போட்டா விருத்தாசலத்துல எவனுக்குத் தெரியாது? எம் மவ வெண்பாதான் அனுப்புனா." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எழுதுனதுக்குக் கோவமில்ல. அந்தம்மாவத் திருப்பி அனுப்பிச்சியே, அதுக்குத்தான் கோவம். தட்டிப் பாத்தே கீறல் சொல்ற ஆளு கெடைக்காம நான் அல்லாடிக்கிட்டு இருக்குறேன். போன் போடு."

பூர்ணிமா அங்கேயே நின்று போன் போட்டாள். மறுமுனையில் அந்தப் பெண்ணாடத்துப் பெண்மணி, செல்வநாயகி. பின்னால் கரும்பு டிராக்டர் ஒன்று இரைந்துகொண்டு போயிற்று.

"அக்கா, பீங்கான் கம்பெனியிலேர்ந்து பூர்ணிமா பேசறேன். அன்னிக்கி உங்களத் திருப்பி அனுப்பினது என் தப்புங்க. இன்னொரு தடவ வரீங்களா?"

"மறுபடியும் அதே கேள்வியக் கேக்க மாட்டீங்களே?"

"மாட்டேங்க்கா. இந்தத் தடவ நீங்க கேளுங்க. நாங்க பதில் சொல்றோம்."

புதன்கிழமை காலை பெண்ணாடம் பஸ்ஸில் செல்வநாயகி வந்து இறங்கினார். அரக்குப் புடவை, தோளில் துணிப்பை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். நடராசன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொம்பளைங்களுக்கு கக்கூஸு சூளைக்குப் பக்கத்துல இருக்குதா, வாசல் கேட்டுக்கிட்ட இருக்குதா?"

"கேட்டுக்கிட்ட" என்றார் நடராசன்.

"அம்மாந்தூரமா? பக்கத்துல ஒண்ணு கட்டுங்க. சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸுக்கு வுடுவீங்களா?"

"வுடுறோம்மா."

"போன தடவ இந்த வேலைக்கி எடுத்தவரு ஏன் நின்னுட்டாரு?"

நடராசன் பூர்ணிமாவைப் பார்த்தார். பூர்ணிமா கூரையைப் பார்த்தாள்; அவரை எடுத்ததும் அவள்தான். மூன்று பேருக்கும் சிரிப்பு ஒன்றாகப் பீறிட்டுக்கொண்டு வந்தது.

சூளைக் கொட்டகையில் பன்னிரண்டு கப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். செல்வநாயகி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினார். ணங், ணங் என்று மணிபோல வந்த சத்தம் ஏழாவதில் மந்தமாக விழுந்தது. அதை ஒதுக்கினார். பதினோராவதையும் ஒதுக்கினார். சூளைக்காரர் சாமிக்கண்ணு இரண்டையும் உடைத்துத் தூக்கிக் காட்டினார். உள்ளே மயிரிழைபோலக் கீறல். கொட்டகையே கைதட்டியது.

"கல்யாணத்துக்கு மின்ன நாலு வருசம் இதே வேலதாங்க பாத்தேன்" என்றார் செல்வநாயகி, கூச்சத்தோடு. "அன்னிக்கி யாரும் அதக் கேக்கல."

பூர்ணிமா வேலைக்கான உத்தரவைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். வாங்கிப் பையில் பத்திரப்படுத்திய செல்வநாயகி, வாசல்வரை போய்த் திரும்பினார்.

"இதையும் எழுதுவீங்களா மேடம்?"

"எழுதலாமாக்கா?"

"தாராளமா எழுதுங்க. ஆனா 'ஒரு பெண்மணி'ன்னு போடாதீங்க. செல்வநாயகின்னே போடுங்க. எங்க தெருவுல எல்லாருக்கும் அனுப்பணும்."

ஞாயிற்றுக்கிழமை வரை பூர்ணிமாவுக்குப் பொறுமை இல்லை. மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். முதல் வரியில் செல்வநாயகியின் பெயர். கடைசி வரியில், முதல் தடவையாக, தன் பெயர்.