வெறுமையான இடக்கை

காரைக்கால் கடற்கரையில் விடியற்காலையில் தாய்ச்சி என்னும் சீனத் தற்காப்புக் கலையைப் பழகுவோர் இருவரே. ஜவஹர் அலி, சிங்கப்பூரில் கடை வேலை பார்த்த காலத்தில் ஒரு சீனரிடம் அக்கலையைக் கற்றவர். மின்துறை ஊழியரான சிவநாதன் அவருக்குத் துணையாகச் சேர்ந்தவர். மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி நின்று, ஒருவரையொருவர் மெல்லத் தள்ளி நிலைகுலைக்க முயல்வது அவர்களுடைய பயிற்சி. தள்ளுபவருக்கு எதிர்ப்பே தட்டுப்படாதபடி உடலைத் தளர்த்துவதே அதில் உயர்ந்த நிலை. ஆண்டுக்கணக்கில் முயன்றும் இருவருக்கும் அது வாய்க்கவில்லை.

நேற்று அலிக்கு வாய்த்துவிட்டது. சிவநாதன் கைதட்டிப் பாராட்டினார். இன்றும் நண்பரின் இடக்கையைத் தள்ளியபோது அங்கே ஒன்றுமே இல்லை. தள்ளிய வேகத்தில் சிவநாதனே மணலில் விழுந்தார்.

"என்ன பாய், கையில ஆளே இல்ல?"

"அது தானா வருதுங்க. நீங்க மாடு மாதிரி முட்டிக்கிட்டே இருங்க."

சிவநாதனுக்குச் சற்றே பொறாமையாக இருந்தது.

அலியின் மனைவி அமீர் நிஷா நடைப்பயிற்சி முடித்து வந்தார். கோப்பைகளைத் துடைப்பதற்காக, மூடி திறந்த தேநீர்ப் பிளாஸ்க்கை அலியின் இடக்கையில் கொடுத்தார். அது சாய்ந்தது. ஆவி பறக்கும் தேநீர் அலியின் இடது பாதத்தில் கொட்டியது. அவர் பேச்சை நிறுத்தவே இல்லை.

கொடுக்கு மரத்துப்போன நண்டொன்று, தன் குணமே சாந்தமாகிவிட்டதென்று பூரித்ததாகக் கதை சொன்னால் சிறுவர்கள் சிரிப்பார்கள். சிவநாதன் குனிந்து, சிவந்துபோன அந்தப் பாதத்தைப் பார்த்தார்.

"காலையில இவங்க சட்டைப் பொத்தானையும் என்னையத்தான் போடச் சொன்னாங்க அண்ணே," என்றார் அமீர் நிஷா.

"பாய், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"தோத்தா தோத்தேன்னு சொல்லுங்க. அதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு?"

"சரி, கண்ண மூடுங்க. நான் எந்த விரலப் புடிச்சிருக்கேன்?"

அலி சிரித்துக்கொண்டே கண்களை மூடிக் காத்திருந்தார். "முதல்ல புடிங்க. அப்புறம் கேளுங்க."

அவருடைய இடது கட்டைவிரல் ஏற்கெனவே சிவநாதனின் பிடிக்குள் இருந்தது. கண் திறந்து அதைப் பார்த்தவர், ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னார். ஆட்டோவில் ஏறும்போது இடக்காலை அமீர் நிஷாதான் தூக்கி உள்ளே வைத்தார்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் அலியின் கையைத் தூக்கிப் பார்த்தார். அது தொப்பென்று விழுந்தது.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"நேத்துக் காலையிலேருந்து," என்றார் சிவநாதன்.

"நேத்தேவா? இது பக்கவாதம். உடனே வந்திருந்தா செய்யக்கூடியது நிறைய இருந்துச்சு. பக்கத்துல யாரும் கவனிக்கலையா?"

அமீர் நிஷா சிவநாதனைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் கவனிச்சேன் டாக்டர்," என்றார் சிவநாதன். "கைதட்டினேன்."