நாலு நாள் கோயோ

தவமலருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் கொழுந்துக் கூடை அழுத்திய முதுகின் நட்டநடுவில் ஒரு வலி. அதற்குத் தேயிலை எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் கோயோதான். மருந்து தடவிய ஒட்டுத்துணி. உரித்து ஒட்டினால் ஜில்லென்று வலி இறங்கும்.

ஒட்டுவதில் அவளுக்குச் சிரமமே இல்லை. பசை மேலே இருக்கும்படி கட்டிலில் விரித்து, குறி பார்த்து மல்லாந்து படுத்தால் தீர்ந்தது. புருஷன் செத்து, மகன் குகனும் குடும்பத்தோடு தூரத்து ஜொகூருக்குப் பிழைக்கப் போன பிறகு தானாக வந்த வித்தை இது.

உரிப்பதுதான் பெரும்பாடு. மேலிருந்து கை இறங்காது, கீழிருந்து ஏறாது. சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துத்தான் இதுவரை எடுத்தாள்; இந்தத் தடவை அதுவும் பலிக்கவில்லை. எட்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும் என்று உறையில் போட்டிருந்தது. மேல் லைன் வீட்டுப் பவுலினைக் கூப்பிட்டால் ஒரு நொடி வேலை. ஆனால், "இன்னும் மகன் வந்து கூட்டிட்டுப் போகலையா?" என்ற கேள்வியும் அவளோடு சேர்ந்து வரும். 'அடுத்த மாசம் வந்துருவான்' என்று ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு அதைவிட முதுகு எரிவதே தேவலை.

மூன்றாம் நாள் நிஜமாகவே எரிந்தது. வெந்நீர் ஊற்றினால் விழுந்துவிடும் என்று நினைத்தாள். மலைக்குளிரில் வாழ்கிறவர்களுக்கு எதற்கெடுத்தாலும் வெந்நீர்தான். கோயோ விழவில்லை, எரிச்சல் இரண்டு மடங்கானது. நாலாம் நாள் பஸ் பிடித்துத் தானா ராத்தா டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனாள்.

மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸ் வசுமதி எண்ணெய் தொட்டு ஓரம் ஓரமாக உரித்தாள். கோயோ இருந்த இடம் சதுரமாகச் சிவந்து, கொப்புளம் கட்டியிருந்தது.

"நாலு நாளா வச்சிருந்தீங்களா? இதுல சுடுதண்ணி வேறயா? கோயோ மேல சூடு பட்டா தோலு வெந்துரும்லா! வீட்டுல யாரும்மா இருக்கா?"

"எல்லாரும் இருக்காங்க மிஸ்ஸி. மகன், மருமக, பேரப்பிள்ளைங்க."

வசுமதிக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன பேரு இருந்தும் இத உரிச்சு விட ஒருத்தருக்கும் நேரமில்லயா? என்ன மகன் அவரு!"

தவமலருக்குச் சுருக்கென்றது. மகனை அவளே மனசுக்குள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். அடுத்தவள் வாயால் கேட்கப் பொறுக்கவில்லை.

டாக்டர் பார்த்துக் களிம்பு எழுதினார். வசுமதி டியூபை நீட்டினாள். "காலையில ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா. கைய கழுவிட்டு மெதுவா தடவணும். மருமகள போடச் சொல்லுங்க."

தவமலர் வாங்கிக்கொண்டு வாசல்வரை போனாள். இதையும் போட்டுவிட ஒரு கை வேண்டும். திரும்பி வந்தாள்.

"மிஸ்ஸி, என் மகன ஏசாதீங்க. அவன் இங்க இல்ல." கொஞ்சம் நின்று, "யாருமே இல்ல," என்றாள். சொன்னதும் வெட்கமாக இருந்தது.

வசுமதி அவளை மறுபடி ஸ்டூலில் உட்கார வைத்துத் தானே தடவினாள். ரெண்டு வருஷத்தில் அந்த முதுகைத் தொட்ட முதல் மனுஷக் கை. தவமலருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சும்மா. நாளைக்கும் வாங்க, போட்டு விடறேன்."

தவமலர் எழுந்திருக்கவில்லை. "தோள்பட்டைகிட்டயும் கொஞ்சம் எரியுது மிஸ்ஸி."

அங்கே எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். வசுமதி இன்னும் கொஞ்சம் களிம்பை விரலில் எடுத்தாள்.