விட்டுப்போன அறுநூற்றுப் பன்னிரண்டு

எங்கள் மேல்வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை. இருபது வருட சர்வீஸ். அவரைப் பற்றி நானாக எதையும் விசாரித்ததில்லை. அவர் மனைவி சொன்னது, சுவர் வழியாக வந்தது, மாடிப்படியில் காதில் விழுந்தது, அவ்வளவுதான். போன வருடம் அவருக்கு வரவேண்டிய தலைமைப் பதவி அவரைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண் ஒருத்திக்குப் போயிற்று. அன்றிலிருந்து மனிதர் எதைப் பேச வாயெடுத்தாலும் "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்தப் பெண் அவருக்கு ஒரு வேலை கொடுத்தாள். ஓர் ஆஸ்பத்திரி. இரண்டு கிளைகள், இரண்டுக்கும் பொதுவாக ஒரே அறுவை சிகிச்சை அறை. எந்தக் கிளையிலிருந்தும் அறையைப் பதிவு செய்யலாம், ஆனால் ஒரே நேரத்தை இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது. அதற்கான புரோகிராம் தயார். ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆக்டர் முறை என்று ஒன்று இருக்கிறதாம். அதைக் கற்றுக்கொண்டு செய்யச் சொல்லிவிட்டாள். நன்றாகச் செய்தால் அடுத்த டீம் அவருக்கு. இந்த வயதில் பாடமா என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் உட்கார்ந்து படித்தார்.

படித்தது மண்டையில் ஏறவில்லை போலிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஆடிப் பார்த்தார். மனைவி சமையலறையில் ஒரு கிளை. அவள் தம்பி பால்கனியில் இன்னொரு கிளை. ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. மற்றவர் மனதில் இருப்பது சீட்டில் எழுதி வந்தால்தான் தெரியும். வந்த சீட்டுகளையும் ஒவ்வொன்றாகத்தான் படிக்க வேண்டும். ஆக்டர் என்றால் இவ்வளவுதானாம். நடிப்பெல்லாம் கிடையாது. சீட்டு கொண்டுபோக ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். நான் நெட்வொர்க். தாமதமாகக் கொடுக்கலாம், தொலைக்கக்கூடச் செய்யலாம், மாற்றி எழுதத்தான் கூடாது என்றார். பிரித்துப் படிக்கலாமா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்க்கிளையிடம் கேட்டுவிட்டு அறையைக் கொடுக்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இது புரோகிராமில் இருந்த விதி. நான் இரண்டு பக்கத்துச் சீட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு, தம்பி பழைய வேலையை விட்டுவிட்டானா இல்லையா என்று பால்கனிக் கதவருகே நின்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அவன் பத்து எண்ணிவிட்டுக் காலை ஒன்பது மணியை ஒரு நோயாளிக்குக் கொடுத்தான். சமையலறையில் அவன் அக்காவும் எண்ணிவிட்டு அதே ஒன்பது மணியை இன்னொருவருக்குக் கொடுத்தாள்.

"ஒருத்தரைத் தலைமாட்டுலயும் ஒருத்தரைக் கால்மாட்டுலயும் படுக்க வெச்சுக்கலாம் அத்தான்" என்றான் தம்பி.

அத்தான் சிரிக்கவில்லை. இவ்வளவு வாயடிக்கிற நெட்வொர்க் உலகத்தில் எங்கேயும் கிடையாது, இந்த ஆட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆட்டத்திலிருந்து நான் ஓட்டமாக ஓடிச் சீட்டு கொடுத்தேன். எல்லாம் சரியாக வந்தது. மனிதர் முகம் மலர்ந்தது.

பிறகு இதையே கம்ப்யூட்டரில் செய்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எண். எந்தச் சீட்டு தாமதமாகும், எது தொலையும் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் எல்லாம் அச்சு அசலாக அப்படியே நடக்கும். ஆயிரம் ஓட்டம் ஓட்டித் தருவதாக அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தார். ஓட்டினார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பச்சை. அறுநூற்றுப் பன்னிரண்டு மட்டும் சிவப்பு. ஒரே மேஜை, இரண்டு நோயாளி.

இவர் என்ன செய்தார் தெரியுமோ? நிஜத்தில் இவ்வளவு தாமதம் ஆகவே ஆகாது என்று அந்த எண்ணையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். மனைவியிடம் சொல்லியும் இருக்கிறார், ஏதோ அரிசியில் கல் பொறுக்கிப் போட்ட மாதிரி. அவள் லேப்பில் ரத்தப் பரிசோதனை செய்பவள். "ஒருத்தருக்கு சர்க்கரை ஏறியிருந்தா அந்தக் குழாயைக் கொட்டிட்டு, வந்த எல்லாருக்கும் நார்மல்னு எழுதிடறேன், சரியா?" என்று கேட்டாளாம். அதற்கு அவர், உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லியிருக்கிறார். அவளே என்னிடம் சொன்னதுதான்.

புதன்கிழமை காலை வீட்டிலிருந்தே வீடியோவில் டீமுக்குக் காட்டினார். எங்கள் குளியலறை மேற்கூரையில் தண்ணீர் கசிகிறது என்று சொல்ல நான் அப்போதுதான் போனேன். கசிவு உண்மை, அன்றைக்கே சொல்லியாக வேண்டிய அவசரம் இல்லை. சமையலறை வாசலில் அவர் மனைவியோடு நின்றுகொண்டேன்.

திரையில் ஆறு முகம். மனிதர் சட்டை இஸ்திரி, குரல் இஸ்திரி. அந்தப் பெண் நன்றாகவே பாராட்டினாள். மற்றவர்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். இவர் நாற்காலியில் ஒரு சுற்றுப் பெருத்தார். அப்புறம் அவள் சாதாரணமாக, "மொத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுன்னு இருக்கே சார். ஒண்ணு விட்டுப்போச்சா?" என்றாள்.

"ஆமா, விட்டுப்போச்சு போல."

பக்கத்தில் நின்ற மனைவி என் கையைப் பிடித்தாள். பிடித்தது தெரியாமலே பிடித்தாள் என்று நினைக்கிறேன்.

"எதுன்னு பார்த்து இப்பவே ஓட்டிடுங்க சார், ஒரு நிமிஷம்தானே" என்றாள் அந்தப் பெண். அவளுக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் கொடுமை. தேடுகிற மாதிரி அவர் பட்டியலை மேலும் கீழும் தள்ளினார். கழுத்துக்குப் பின்னால் வியர்வை இறங்கியது எங்களுக்குத் தெரிந்தது. பிறகு எண்ணைத் தட்டினார். சிவப்பு வந்தது. வராமல் எங்கே போகும்?

மனிதர் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்.

"விட்டுப்போகலைங்க. நேத்தே பார்த்தேன். நான்தான் எடுத்துட்டேன்."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "இந்த ஒண்ணைத் தேடத்தான் சார் உங்களை உட்கார வெச்சோம்." நாளைக்குக் கொடுப்பதை நிறுத்திவிடுவதாகவும், அந்த ஓட்டத்தில் என்ன நடக்கிறதென்று எல்லோருக்கும் எழுதி அனுப்பும்படியும் சொன்னாள். அடுத்த டீம் பற்றிப் பேச்சே வரவில்லை. முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் குளியலறைக் கசிவை நினைத்துக்கொள்ள முயன்றேன். அந்த நேரத்தில் ஒரு சொட்டுகூட நினைவுக்கு வரவில்லை. அதுவரை அந்த மனிதரை நான் எத்தனை தரம் கேலி செய்திருப்பேன், கணக்கே கிடையாது. அவர் காது மடல் சிவந்திருப்பதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்று மனைவியிடம் சொன்னார்.

"திட்டுவாங்க. முதல்ல எழுதுங்க" என்றாள் அவள். பழசைக் குத்திக்காட்டவில்லை. நானாக இருந்தால் காட்டியிருப்பேன்.

அவர் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் வரியை எழுதி அழித்தார், மறுபடி எழுதினார். 'பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால்' என்ற சொற்கள் வரைக்கும் என்னால் படிக்க முடிந்தது.

"நீங்க கிளம்புங்கக்கா" என்றார் திரும்பாமலே. "யாராவது நின்னுட்டிருந்தா இதை என்னால எழுத முடியாது."

கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். எப்போதும் மூன்றாவது படியில் கொஞ்சம் நிற்பது வழக்கம். அன்றைக்கு நிற்கவில்லை.