ஒழுகாத சிதைவு

மூடிய ஆலையைப் பூங்காவாக்கியபோது, அங்கிருந்த துருப்பிடித்த பாய்லரை நகராட்சி முதலில் காயலான் கடைக்குப் போட்டது. பிறகு, துருப்பிடித்த பாய்லர் போலவே புல்வெளியில் ஒரு சிற்பம் வேண்டுமென்று ஒரு சிற்பியை வரவழைத்தது.

சிற்பி அம்மாவுக்கு இரும்பு ஒட்டத் தெரியாது. அதற்கு வெல்டர் வந்தார்; அதே ஆலையில் இருபது வருடம் தீப்பொறி தின்றவர். "மேடம் மனசு குளிர்ந்தா, பூங்கா வாட்ச்மேன் வேலை உங்களுக்குத்தான்" என்றிருந்தார் நகராட்சி ஆணையர். மூன்று வருடமாக மைத்துனன் வீட்டில் ஒண்டிக் கிடந்தவருக்கு அது தெய்வ வாக்கு.

"அண்ணே, பூமியத் தோண்டி எடுத்த மாதிரி இருக்கணும். அங்கங்க விரிசல், ஓட்டை. காலம் கடிச்ச மாதிரி."

"கடிச்சுரலாம் மேடம்."

வாய் சொன்னதே தவிர, கை கேட்கவில்லை. காலையில் விட்ட விரிசலை மாலைக்குள் அடைத்துவிடுவார். இடைவெளியைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. விரிசல் இருக்கவேண்டிய இடங்களில் கரியால் கோடு இழுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துத் துருவேற்றினார். எட்டி நின்று பார்த்த சிற்பிக்கு, நிஜ விரிசல் என்றே நம்பிக் கண் கலங்கிவிட்டது.

திறப்பு விழாவுக்குப் பாய்லர் இன்ஸ்பெக்டரும் வந்தார். பழக்கதோஷத்தில் சுத்தியலால் தட்டினார். கோடு ஒன்றை விரலால் துடைத்தார்.

"இது பாய்லராச்சே! லைசென்ஸ் எங்க?"

"சார், இது ஒரு சிதைவு" என்றார் சிற்பி.

"சிதைவுன்னா ஒழுகணும்மா. இவ்வளவு நல்ல வெல்டிங்க நான் பாத்ததே இல்ல."

சிற்பியின் முகம் சிவந்தது. "அண்ணே, இப்பவே ஒரு ஓட்டை போடுங்க!"

வெல்டர் டிரில்லை எடுத்தார். வாட்ச்மேன் வேலை கண்முன் நின்றது. மைத்துனன் முகமும் நின்றது. டிரில்லைக் கீழே வைத்தார்.

"என்னால ஆகாது மேடம். வேற யாரையாவது போடச் சொல்லுங்க."

"யாரும் தொடக்கூடாது!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். "அனுமதியில்லாம பாய்லர்ல ஓட்டை போடுறது குத்தம். மொதல்ல பதிவு பண்ணுங்க. பாய்லர் பாத்துக்குற சர்டிபிகேட் உள்ள ஆள் ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும். எரிஞ்சாலும் சரி, எரியாட்டாலும் சரி."

ஆலை நாளில் வாங்கிய அந்தச் சர்டிபிகேட் ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது. வாட்ச்மேனைவிட இரண்டு படி மேலான சம்பளத்தில் வெல்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மணிக்கொரு தரம் பதிவேட்டில் எழுதினார்: அழுத்தம், பூஜ்யம்.

சிற்பியும் சமாதானமாகி, சிற்பத்தின் பலகையில் 'இரும்பு, துரு' என்றிருந்ததோடு 'மனிதன்' என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அண்ணே, படம் எடுக்குறாங்க. கொஞ்சம் இடிஞ்ச மாதிரி உக்காருங்களேன்."

வெல்டர் முதுகை நிமிர்த்தினார்.

"டூட்டி நேரத்துல முடியாது மேடம்."