வலப்பக்கம் சாயும் குரல்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் என் அக்கா. சொல்லி முடித்ததும், "எழுதுறதா இருந்தா எழுது. பேரை மட்டும் போட்டுடாதே" என்றாள். ஆகவே அவள் இங்கே அக்கா. ஒலிப்பதிவுக்கூடத்தில் குரல்களைப் பதிந்து சீராக்கும் அவள் கணவர், அத்தான்.

முதல் வரியைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். 'செம்புக்கும் வெள்ளிக்கும் நடந்த போரில்' — வேண்டாம், புராணம்போல் இருக்கிறது. 'அத்தானுக்குப் பாம்புச் செவி, ஆனால்' — 'ஆனால்' வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறது.

2

அத்தானின் இயர்போனில் பாடகியின் குரல் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்தது. குற்றம் வயரில்தான் என்று முடிவு கட்டினார். கூடவே வந்த வயரைக் கழற்றிவிட்டு உயர்ரகச் செம்பு வயர் வாங்கினார்; குரலுக்குச் சதை பிடித்தது, சாய்வு போகவில்லை. வெள்ளி வயர் வாங்கினார். மினுமினுப்பு வந்தது, சாய்வு போகவில்லை.

(இயர்போனை இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பார்க்க ஓர் ஒலிப்பதிவாளருக்குத் தோன்றாதா? இந்த இடத்தில் எனக்கே பாத்திரத்தின் மேல் சந்தேகம். அக்காவிடம் கேட்டேன். "உலகத்துல எல்லாத்தையும் சந்தேகப்படுவாரு, தன் காதைத் தவிர" என்றாள்.)

3

ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் பரீட்சை. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா வயர்களை மாற்றி மாற்றிச் செருகி, தானே அவர் காதில் மாட்டிவிட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டாள். நான்காம் சுற்றில் கவனப்பிசகாக இடதை வலக்காதிலும் வலதை இடக்காதிலும் மாட்டிவிட்டாள். வயரோ இயர்போனோ குற்றவாளி என்றால், சாய்வும் பக்கம் மாறியிருக்க வேண்டும்.

"இப்பவும் வலப்பக்கம்தான் இழுக்குது" என்றார் அத்தான். "இது வெள்ளிதானே?"

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். குறை அவருடைய இடது காதில்.

"வெள்ளிதான்" என்றாள். "உங்க காதுக்குத் தப்புமா?"

மாட்டியிருந்தது செம்பு.

4

முடிவு ஒன்று: அக்கா அன்றே சொல்லிவிடுகிறாள், அத்தான் சிரிக்கிறார். (பொய். காதை நம்பிப் பிழைப்பவர் சிரிக்கமாட்டார்.)

முடிவு இரண்டு: நான்காவது வயர் வருகிறது, அக்கா வாயே திறப்பதில்லை, வருடங்கள் போகப் போக — இதை முடிக்கக் கை வரவில்லை. சீக்கிரம் கவனித்தால் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று காது மருத்துவரிடம் அவளே போய்க் கேட்டு வந்திருக்கிறாள்.

"நேர்ல சொன்னா, என் முகத்தைப் பார்த்துட்டு எனக்கே ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுடுவாரு" என்றாள். "நீ எழுதினா ஒரு வரி விடாம படிப்பாரு."

மூன்றாவது முடிவை நான் எழுதப்போவதில்லை, அத்தான். செவ்வாய் காலை பத்து மணிக்கு மருத்துவரிடம் உங்கள் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறாள். நீங்கள் இதைப் படிக்கும்போது உங்களுக்கு இடப்பக்கம்தான் உட்கார்ந்திருப்பாள். இதற்குள் ஏதோ சொல்லியும் இருப்பாள்.

திரும்பிப் பாருங்கள்.