துருப்பிடிக்காத சுவர்

என் மச்சானுக்கு வாய்க்கொழுப்பு அதிகம்.

"பேட்டரி செத்துப்போனா நாம ஏன் சாகணும்? உள்ளேர்ந்து ஜிலுஜிலுன்னு காத்து வருது பாரு."

மொலெஃபி, என் அக்கா டினேயோவின் கணவர். என்னைப் போலவே பாறை ஆராய்ச்சிக்காரர். ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே, கைவிடப்பட்ட பழைய தங்கச் சுரங்கத்தின் வாசலில் நின்றிருந்தோம். ஆக்சிஜன் அளக்கும் கருவி என் கையில் உயிரில்லாமல் கிடந்தது.

"நாளைக்கு வரலாம் மச்சான்."

"நாளைக்கு சிமெண்ட் போட்டு மூடுறாங்க. அப்புறம் கல்ல யாரு எடுப்பா, உங்கப்பனா?"

எங்களுக்கு வேண்டியது பைரைட் என்ற மஞ்சள் கல். முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய ஆறு அதை உருட்டி உருண்டையாக்கியிருந்தது. இன்றைய ஆற்றில் கிடந்தால் ஆக்சிஜன் பட்டுத் துருவாகிக் கரைந்துபோகும். அன்று துருப்பிடிக்கவில்லை, ஏனென்றால் அன்றைய காற்றில் ஆக்சிஜன் இல்லை. வகுப்பில் வாய் வலிக்கச் சொல்லும் பாடம்.

மேற்கே மேகம் கருத்தது. அவர் உள்ளே போய்விட்டார். நான் வாக்கி-டாக்கியோடு வாசலில் உட்கார்ந்தேன்.

"சுவரெல்லாம் ஒரே துரு. உங்க அக்கா கூழ் கிண்டுற சட்டி மாதிரியே இருக்கு."

"இருங்க, அக்காகிட்ட போட்டுக் கொடுக்கிறேன்."

"கொடு, எனக்கென்ன பயமா?"

உள்ளிருந்து வந்த காற்று பலத்தது. புயல் நெருங்கினால் வெளியே காற்றழுத்தம் குறையும். சுரங்கம் தன் வயிற்றிலிருக்கும் கெட்ட காற்றை வெளியே தள்ளும். எனக்குத் தெரியாததா? தலை விண்ணென்று தெறித்தது. வெயில் என்று நினைத்தேன், மடச்சி.

"ஏ பொன்ட்ஷோ! இங்க துருவே இல்லடி! கூரை இடிஞ்சு எத்தனையோ வருசமாயிருக்கும், சுவரு நேத்து வெட்டுன மாதிரி மின்னுது. வா, வந்து பாரு!"

அவர் நாக்கு குழறியது. முதலில் எனக்குப் பொறாமைதான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. காலங்காலமாகத் திறந்து கிடக்கும் கல் துருப்பிடிக்கவில்லை என்றால் அங்கே ஆக்சிஜன் இல்லை. துருப்பிடித்த வெளிப்பக்கத்துக் கற்களே அதையெல்லாம் தின்று தீர்த்திருக்கின்றன.

"மச்சான், வெளிய வாங்க! அங்க மூச்சு விட ஒண்ணுமில்ல! திரும்புங்க!"

"எதுக்குடி கத்துற... அழகா இருக்கு..."

ஏதோ பொத்தென்று விழுந்தது. அதன்பின் இரைச்சல் மட்டும்.

உள்ளே ஓடினேன். வெளிச்சம் மங்கும் இடத்திலேயே முழங்கால் மடங்கிவிட்டது. எப்படித் தவழ்ந்து வெளியே வந்தேனோ தெரியாது. கொட்டுகிற மழையில் அந்தப் பாவி மனுஷனைத் திட்டினேன், கெஞ்சினேன், பெயர் சொல்லி அலறினேன்.

ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டிய மீட்பு ஆட்கள் சாயங்காலம் அவரைத் தூக்கி வந்தார்கள். அக்கா அழவில்லை. போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"கடைசியா என்னடி சொன்னாரு?"

"வந்து பாருன்னாரு. அழகா இருக்குன்னாரு."

"கூப்பிட்டிருக்காரு. நீ போகலையா?"

போனேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது.